மூளிக்காது

(ஒடுக்கப்பட்ட பெண்கள் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால பேசினவங்க பஞ்சமி நிலத்தைப் பத்திப் பேசினாங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பத்திப் பேசினாங்க. நான் பேசப்போறது ஒரு காதைப் பத்தி. என் மகளுக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் காது குத்தல. எங்க தெருவுல அவ வயசுப் பொம்பளப் பிள்ளைகள்ல அவ ஒருத்திதான் அப்படி. தண்ணிக் குழாயடியில, ரேஷன் கடையில, பள்ளிக்கூட வாசல்ல, எங்க போனாலும் ஒரே கேள்வி: “என்னத்தா, பிள்ளைய இன்னும் மூளிக்காதாவே வச்சிருக்க?”

ஒரு கேள்வியை இத்தனை பேர் இத்தனை தடவை கேட்டா, அதுக்குள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். எப்பக் குத்தணும், யாரு குத்தணும், யாரு முடிவு பண்ணணும், குத்தித்தான் ஆகணுமா. இதைப் பேசினா நம்ம சாதி வரும், நம்ம கடன் வரும், தாய்மாமன் வருவான், அம்பேத்கர் வருவார். அதனாலதான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். நான் கிராம சுகாதாரச் செவிலியரா வேலை பார்க்கிறவள். அதனால நாள் நட்சத்திரக் கணக்கை விட்டுட்டு, தடுப்பூசிக் கணக்கையும் சொல்லிட்டுத்தான் உட்காருவேன்.

முதல்ல, நம்ம காதுக்கு என்னென்ன விதிச்சிருந்தாங்கன்னு பார்ப்போம். கௌதம தர்மசூத்திரம்னு ஒண்ணு இருக்கு. வேதத்தைச் சூத்திரன் காது கொடுத்துக் கேட்டா, அந்தக் காதுல ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊத்தச் சொல்லுது. மநு பத்தாவது அத்தியாயத்துல சண்டாளருக்கு என்ன நகைன்னு விதி இருக்கு: இரும்பு. பிணத்து மேல கிடந்த துணிதான் உடை, உடைஞ்ச பாத்திரத்துலதான் சாப்பாடு, உடம்புல போட்டுக்க இரும்பு. அதாவது நகையே போடக்கூடாதுன்னு அவன் சொல்லல. போடு, ஆனா உன்னைப் பார்த்தவுடனே நீ யாருன்னு தெரியுற மாதிரிப் போடு. இதுதான் அந்தச் சட்டத்தோட சூட்சுமம்.

இது ஏட்டுல மட்டும் இருந்ததுன்னு நினைக்காதீங்க. பக்கத்துல இருக்கிற திருவிதாங்கூர்ல புலையர் பெண்கள் கழுத்துல கல்லுமாலைதான் போடணும், காதுல இரும்புத் துண்டுதான் போடணும்னு கட்டாயம் இருந்துச்சு. 1915ல் கொல்லத்துப் பக்கம் பெரிநாட்டுல அய்யங்காளி தலைமையில அந்தப் பெண்கள் கிளம்பினாங்க. கலவரம் நடந்துச்சு, குடிசைகள் எரிஞ்சுச்சு. கடைசியில கொல்லத்துல பெருங்கூட்டம் கூட்டி, அத்தனை பேர் நடுவுல பெண்கள் கல்லுமாலையை அறுத்துக் குவிச்சாங்க. கழுத்துல கிடக்கிற ஒரு மாலையைக் கழட்டுறதுக்கு ஒரு கிளர்ச்சி தேவைப்பட்டிருக்கு. நகைன்னா சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க இதை யோசிச்சுப் பாருங்க.

கிறிஸ்தவத் தெருவிலிருந்து வந்திருக்கிற தோழிகளுக்கு இன்னொண்ணு ஞாபகப்படுத்துறேன். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்துல ஒரு சட்டம் வருது. ஏழாம் வருசம் விடுதலையாகிப் போக உரிமையுள்ள அடிமை, நான் போகல, எஜமான்கிட்டயே இருக்கேன்னு சொன்னா, அவனைக் கதவு நிலைகிட்ட கொண்டுபோய்க் காதைக் கம்பியால குத்தணும். அதுக்கப்புறம் அவன் காலம் முழுக்க அடிமை. காதுல துளை போட்டு ‘இது இன்னாருடையது’ன்னு எழுதுற பழக்கம் அவ்வளவு பழசு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துல ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டாங்க. 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் அதைத் தன் புத்தகத்துல பதிவு பண்ணியிருக்கார். அதுல முதல் தடையே தங்கம், வெள்ளி நகை போடக்கூடாதுங்கிறதுதான். அப்புறம்தான் ஆம்பளை முழங்காலுக்குக் கீழ வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, பொம்பளை மேல்துணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, மண்சட்டி தவிர வேற பாத்திரம் புழங்கக்கூடாதுன்னு வரிசையா வருது. மீறின சனங்களோட குடிசையைக் கொளுத்தினாங்க, தானியத்தை அழிச்சாங்க, ஆடுமாட்டை ஓட்டிட்டுப் போனாங்க. மறு வருசம், 1931ல், தடை பதினொண்ணாச்சு. பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாதுங்கிறது அதுல சேர்ந்துச்சு.

எங்க அப்பத்தா அந்தப் பக்கத்துப் பொம்பளைதான். ஊர் பேர் வேண்டாம். அவ சின்னப் பிள்ளையா இருந்தப்பக் கருவேல முள்ளால காது குத்தி, ஓட்டை தூர்ந்து போகாம இருக்க ஈர்க்குச்சி சொருகி வச்சாங்களாம். அப்புறம் பனையோலைச் சுருள். கல்யாணத்துக்குப் பித்தளை. அவ அண்ணன் சிலோன் தோட்டத்துல வேலை பார்த்துட்டு வந்தப்ப, பொட்டுத் தங்கத்துல ஒரு ஜோடி கம்மல் கொண்டு வந்திருக்கார். சேரிக்குள்ள இருக்கிற வரைக்கும் போட்டுக்குவா. ஊர்த் தெரு வழியா வேலைக்குப் போறப்ப முந்தானைய இழுத்து ரெண்டு காதையும் மூடிக்குவாளாம். பார்த்தவங்க, வெயிலுக்கு முக்காடு போட்டிருக்கான்னு நினைச்சுக்குவாங்க. பத்துப் பதினைஞ்சு வருசம் அப்படி நடந்திருக்கா. தங்கம் போட்ட காதை ஒளிச்சு வச்சு நடந்த மனுசி அவ.

இதை ஏன் விலாவாரியாச் சொல்றேன்னா, நம்ம பொம்பளைங்க தோடு மேல வச்சிருக்கிற ஆசைய வெறும் பகட்டுன்னு சொல்ற தோழர்கள் இருக்காங்க. மேடை ஏறி நகை வேண்டாம், பொட்டு வேண்டாம், பூ வேண்டாம்னு அடுக்குவாங்க. பெண்ணை நகை மாட்டுற ஸ்டாண்டா ஆக்கிட்டாங்கன்னு பெரியார் கேட்டார். சரியான கேள்வி. ஆனா அந்தக் கேள்வி யார் கழுத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி? நகை மாட்டி மாட்டிக் கனத்துப் போன கழுத்தைப் பார்த்து. எங்க அப்பத்தா கழுத்துல மாட்டவே விடலையே. மாட்டக்கூடாதுன்னு அடிச்சவன் ஒருத்தன். மாட்டாதேன்னு அறிவுரை சொல்றவன் இன்னொருத்தன். ரெண்டு பேர் நோக்கமும் வேற வேற, ஒத்துக்கிறேன். ஆனா எங்ககிட்ட கேட்காமலே எங்க காதைப் பத்திப் பேசினதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

அம்பேத்கர் இதை எப்படிப் பார்த்தார்னு கவனிக்கணும். 1927 டிசம்பர், மகாத். மநு ஸ்மிருதியை எரிச்ச அதே நாட்கள். அங்க கூடியிருந்த பெண்கள்கிட்ட தனியாப் பேசினார். தீண்டப்படாதவள்னு காட்டிக் கொடுக்கிற மாதிரி சேலை கட்டுறதை விடுங்க, கழுத்து நிறைய மாலையும் முழங்கை வரைக்கும் மலிவு உலோக வளையலும் போடுறதை விடுங்கன்னார். நகை போட்டுத்தான் ஆகணும்னா தங்கத்துல போடுங்க, முடியலைன்னா ஒண்ணுமே போடாதீங்க என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இதுல ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க. போடுற உரிமையும் இருக்கு, போடாம இருக்கிற உரிமையும் இருக்கு. இழிவின் அடையாளத்தைச் சுமக்கிறதுக்கு மட்டும்தான் இடமில்லை. அதே பேச்சுல, பொம்பளப் பிள்ளைகளைப் படிக்க வைங்கன்னும் சொன்னார்.

இன்னொண்ணு, பெரியம்மாக்களுக்குத் தெரிஞ்சது. காதுல கிடக்கிறதுதான் நம்ம பேங்கு. நிலம் ஆம்பளை பேர்ல. வீடு இருந்தா அதுவும் ஆம்பளை பேர்ல. புருசன் குடிச்சிட்டு விழுந்து கிடக்கிற ராத்திரியில, பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னா, யாரையும் கேட்காம கழட்டிக் கொண்டுபோய் அடகு வைக்கிறதுக்குப் பொம்பளைகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். எங்க அம்மா தோடு என் படிப்புக்காக அடகுக்கடையில இருந்த நாள்தான் அதிகம், காதுல இருந்த நாள் கம்மி. அப்பல்லாம் அம்மா வேப்பங்குச்சி சொருகிட்டுத் திரியும். அதனால தங்கத்தைத் தூக்கிப் போடுன்னு நான் சொல்லமாட்டேன். தோட்டை அல்ல, காதுகுத்தைப் பத்தித்தான் என் வழக்கு. ரெண்டும் வேற.

காதுகுத்துங்கிறது இன்னிக்கு என்னவா இருக்கு? பிள்ளைக்கு நடக்கிற காரியத்துல பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் வேலை இருக்கு. மண்டபம், பந்தல், ஃபிளக்ஸ், வீடியோ, கெடாவெட்டு, தாய்மாமன் சீர்வரிசை, மைக் செட்டு, மொய் நோட்டு. மொய்ங்கிறது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். ஊர்ல இருக்கிறவன் பத்து விசேசத்துக்கு மொய் எழுதியிருப்பான். அதைத் திரும்ப வாங்கணும்னா அவன் வீட்டுல ஒரு விசேசம் நடக்கணும். நடத்துறதுக்குக் கையில பிள்ளை காதுதான் இருக்கு. நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபா வட்டின்னு அறுபதாயிரம் வாங்கினா, மாசம் ஆயிரத்தெண்ணூறு வட்டியே போகும். அசல் அப்படியே நிக்கும். நூறு நாள் வேலைச் சம்பளத்துல இதை அடைக்கிற வீட்டை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மொய்யிலயும் சாதி இருக்கு. நாம வேலை பார்க்கிற காட்டுக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை வைப்போம். வருவார். நாற்காலியில உட்காருவார். நம்ம இலையில கை நனைக்கமாட்டார். கடையில வாங்கின கலர் பாட்டிலை உடைச்சுக் கொடுத்தா ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு, மொய் எழுதிட்டுப் போயிருவார். அந்தப் பெயரை மைக்குல ரெண்டு தடவை வாசிப்போம். சீர்த்தட்டு தூக்கிட்டு, தப்படிச்சு, ஊர்த் தெரு வழியா வந்தா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால சுத்திக்கிட்டுக் கம்மாக்கரை வழியா வருவோம். இவ்வளவு செலவு பண்ணி நம்ம மரியாதையை எங்க கொண்டுபோய் நிறுத்துறோம்? கம்மாக்கரையில.

தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் குத்தணும்ங்கிறோம். பாசம்தான், நான் மறுக்கல. என் தம்பி என் மகளை எடுத்து வளர்த்தவன். ஆனா அந்தச் சீருக்குள்ள இன்னொரு கணக்கும் இருக்கு. மாமன் சீர் செஞ்சா மாமனுக்கு முறை. காதுகுத்துக்குச் செஞ்சான், சடங்குக்குச் செஞ்சான், அதனால பொண்ணு அவனுக்கோ அவன் மகனுக்கோன்னு பேச்சு தானா வந்துரும். ஒரு வயசுப் பிள்ளை மாமன் மடியில உட்கார்ந்து அழுவுறப்ப, அவ கல்யாணத்தைப் பத்தின கேலிப் பேச்சு அங்கேயே தொடங்கிரும். எல்லாரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு பதினாறு வருசம் கழிச்சு வீட்டு வாசல்ல வந்து நிக்கும்.

அப்புறம் சடங்கு. கர்ணவேதம்னு பேர். சம்ஸ்காரங்கள்ல ஒண்ணுங்கிறாங்க. சுஸ்ருத சம்ஹிதை ஆறாவது ஏழாவது மாசத்துல குத்தச் சொல்லுது. ஆம்பளப் பிள்ளைக்கு வலது காது முதல்ல, பொம்பளப் பிள்ளைக்கு இடது முதல்ல. மநுவோ, சூத்திரருக்குச் சம்ஸ்காரத்துக்குத் தகுதியே இல்லைங்கிறான். நம்மளைச் சூத்திரக் கணக்குலகூடச் சேர்க்கல. நம்மளை வேண்டாம்னு சொன்ன சடங்கை நாம கடன் வாங்கிச் செய்றோம். காது குத்துறதே ஆரிய வழக்கம்னு நான் சொல்ல வரல. உலகம் பூராவும் மனுசங்க குத்தியிருக்காங்க. எங்க பக்கத்துக் கிழவிங்க காது வளர்த்துப் பாம்படம், தண்டட்டி போட்டது நாம பார்த்ததுதான். ஒற்றைப்படை மாசம், நல்ல நேரம், ஐயர்ங்கிறதைத்தான் சொல்றேன். காதுல குத்தினா மூளை வளரும், கண் பார்வை கூடும்னு இப்பச் செல்போன்ல வருதே, அதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இன்னொரு சொல் இருக்கு. மூளி. நகை இல்லாத காது மூளிக்காது. தாலி இல்லாத கழுத்து மூளிக்கழுத்து. ஒரு பொம்பளை தன் உடம்போட மட்டும் நின்னா அவ மூளி, குறைப்பட்டவ. ஆம்பளப் பிள்ளைக்கும்தான் நாம காது குத்துறோம். ஆறு மாசத்துல கழட்டிருவான், ஓட்டை தூர்ந்து போயிரும். அவனை யாரும் மூளிங்கிறதில்லை. என் மகளை ஆறு வயசுல மூளிங்கிறாங்க. இந்தச் சொல்லை நம்ம தெருவுல இருந்து ஒழிக்கணும்னு நான் கேட்டுக்கிறேன். நம்மளை எந்தெந்தச் சொல்லால கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்ச சனம், ஒரு குழந்தையை இந்தச் சொல்லால கூப்பிடலாமா?

சரி, எப்பக் குத்தணும்? இப்பச் செவிலியராப் பேசுறேன்.

முதல்ல ஒரு பொய்யை எடுத்துருவோம். பச்சைப் பிள்ளையில குத்திட்டா வலி தெரியாதுங்கிறாங்க. வலி தெரியும். சொல்லத்தான் தெரியாது. பிறந்த குழந்தைக்கு வலி இல்லைன்னு பெரிய டாக்டர்களே 1980கள் வரைக்கும் நம்பினாங்க. சரியான மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமலே ஆபரேசன் பண்ணினாங்க. 1987ல் அமெரிக்காவுல வந்த ஒரு முக்கியமான கட்டுரைக்குப் பிறகுதான் அந்த எண்ணம் மாறத் தொடங்கினது. பேச முடியாதவனுக்கு வலி இல்லைன்னு முடிவு பண்றது எவ்வளவு லேசு பாருங்க. நம்ம தாத்தனை மாட்டுத் தொழுவத்துல கட்டி அடிச்சவனும், அவங்களுக்கு உறைக்காதுன்னுதான் சொன்னான்.

ரெண்டாவது, தடுப்பூசி. காது குத்துறது ஒரு காயம். காயம்னா ரணஜன்னி வரலாம், அழுக்கு ஊசின்னா மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ஞ்ச ரத்தத்துலகூட ஏழு நாள் உயிரோட இருக்கும். ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்துல போடுற பென்டாவேலன்ட் ஊசி இந்த ரெண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் நாட்டிலேயே முதல்ல இந்த ஊசி வந்துச்சு. மூணு தவணையும் முடியாம எந்தப் பிள்ளை காதையும் தொடக்கூடாது. ஒண்ணரை வயசு பூஸ்டரும் அஞ்சு வயசு ஊசியும் போட்டிருந்தா இன்னும் நல்லது.

மூணாவது, கைக்குழந்தை கம்மலைப் பிடிச்சு இழுக்கும், திருகாணியைக் கழட்டி வாயில போடும். தொண்டையில சிக்கினா ஆபத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், காயத்தைத் தானே பார்த்துக்கிற அளவுக்குப் பிள்ளை வளர்ந்த பிறகு குத்தலாம்னு சொல்லுது.

அப்ப பெரியவளானப்புறம் அவளே குத்திக்கட்டும்னு விட்டுறலாமேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. சிலருக்குக் குத்தின இடத்துல தழும்பு தடிச்சு, உருண்டு, குத்தின அளவைத் தாண்டி வளரும். கீலாய்டுன்னு பேர். நம்மளை மாதிரிக் கருத்த தோல்காரங்களுக்கு இது கூடுதலா வரும். 2005ல் அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, பதினொரு வயசுக்கு அப்புறம் காது குத்தினவங்களுக்கு, அதுக்கு முன்னாடி குத்தினவங்களைவிட இது அதிகமா வருதுன்னு காட்டுச்சு. சின்ன ஆய்வுதான், கொஞ்சம் பேரை வச்சுப் பண்ணினது. ஆனாலும் கணக்குல எடுத்துக்க வேண்டியது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த மாதிரித் தழும்பு இருந்தா, குத்தாமலே விடுறது நல்லது. குத்தித்தான் ஆகணும்னா பதினொண்ணுக்குள்ள.

இந்த ரெண்டையும் ஒட்டி வச்சுப் பார்த்தா எனக்குக் கிடைச்ச விடை இது: பிள்ளைக்கு வாய் வந்து, கேள்வி கேட்கத் தெரிஞ்சு, கையைக் கழுவிட்டுக் காதைத் தொடத் தெரிஞ்ச பிறகு; ஆனா பதினோரு வயசுக்கு முன்னாடி. ஏழுல இருந்து பத்து. அந்த வயசுல அவ சொல்றது முழு முடிவா, முழுச் சம்மதமான்னு கேட்டா, இல்லைதான். ஆனா ‘வேண்டாம்’னு சொல்ற சக்தி அவளுக்கு இருக்கும். அந்த ‘வேண்டாம்’ செல்லுபடியாகணும்ங்கிறதுதான் எனக்கு முக்கியம். குத்தாத காதை எப்ப வேணா குத்தலாம்.

எங்க அம்மா இதை ஒத்துக்கல. “எங்க ஆத்தா முந்தானையில மூடிக்கிட்டுப் போட்டா. நான் குச்சி சொருகிக்கிட்டு அலைஞ்சேன். உனக்குச் சம்பளம் வருது, என் பேத்தி ஜிமிக்கி போட்டு ஊருக்கு நடுவுல நடக்கணும். அதை நான் கண்ணால பார்க்கவேண்டாமாத்தா?” அப்படின்னு கேட்டுச்சு. இதுக்கு என்கிட்ட பதில் இல்லைன்னு இல்ல. ஆனா அந்தப் பதிலை அம்மா முகத்துக்கு நேராச் சொல்றது லேசில்லை. மூணு தலைமுறையா நெஞ்சுல கிடந்த ஆசை அது. “அம்மா, அவ போடணும்னு ஆசைப்பட்டா நானே போட்டுவிடுறேன். ஊருக்குக் காட்டுறதுக்கு அவ காது வேண்டாம்”னேன். அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் வந்து, “நான் இருக்கிறதுக்குள்ள கேட்டுருவியா அவகிட்ட?”ன்னுச்சு. கேட்பேன்னேன்.

தம்பி வேற மாதிரி. “அக்கா, பதினாலு வீட்டுல மொய் எழுதியிருக்கேன். என் மருமகளுக்கு நான் செய்யலேன்னா சனம் என்னை என்ன பேசும்?” அப்படின்னான். அவன்கிட்ட உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சீருக்குன்னு அவன் வாங்க இருந்த கடனுக்கு எத்தனை வட்டி, எத்தனை மாசம்னு பேப்பர்ல எழுதினோம். தபாலாபீசுல செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கு, 2015ல் வந்தது. பத்து வயசுக்குள்ள பொம்பளப் பிள்ளை பேர்ல கணக்கு தொடங்கணும், இருநூத்தம்பது ரூபா இருந்தாப் போதும். நான் காப்பாளரா இருந்து தொடங்கினேன். மாமன் சீர் மாசாமாசம் அதுல விழுது. அவன் பேர் மைக்குல வராது. ஆனா அந்தப் பணம் அவ பேர்ல இருக்கு, யாருக்கும் முறை கிடையாது. அவனுக்கு முழு மனசு இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கட்டுறான்.

மகள்? அவ ஒரு நாள் வேணும்கிறா, ஒரு நாள் வேண்டாம்கிறா. பள்ளிக்கூடத்துல ஒரு பையன் “நீ பையனா பொண்ணா”ன்னு கேட்டிருக்கான். வந்து அழுதா. “அம்மா, வலிக்குமா?”ன்னா. வலிக்கும், தடுப்பூசி மாதிரி ரெண்டு தடவை, அப்புறம் ஆறு வாரம் தினம் கழுவணும்னு சொன்னேன். “அப்ப இப்ப வேண்டாம்”னா. “உங்க டீச்சர் காதுல இருக்கு, எங்க அப்பா காதுல இல்ல, ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்காங்க”ன்னு அவளா ஒரு நியாயமும் சொன்னா. எட்டு வயசுல ஒரு தடவை, பத்து முடியறதுக்குள்ள ஒரு தடவை கேட்கிறதுன்னு நானும் அவ அப்பாவும் முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு தடவையும் வேண்டாம்னா, அதோட சரி.

குத்துறவங்களுக்குச் சில விசயம். பிரிக்காத புது ஊசியால, கையுறை போட்டவங்க குத்தணும். கடையில பட்டுன்னு அடிக்கிற பிளாஸ்டிக் கன்னை முழுசாக் கொதிக்க வச்சுச் சுத்தம் பண்ண முடியாது, வேண்டாம். காது மடல்ல குத்துங்க. மேல குருத்தெலும்புல குத்தினா ஆற மாசக்கணக்காகும், சீழ் வச்சா காதே சுருங்கும். முதல்ல போடுறது நல்ல தங்கமோ, ஆபரேசனுக்குப் பயன்படுத்துற தரமான எஃகோ இருக்கட்டும். கவரிங்குல நிக்கல் கலந்திருந்தா அரிப்பெடுத்துத் தண்ணி வடியும், அந்த ஒவ்வாமை ஆயுசுக்கும் போகாது. மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்காதீங்க. காய்ச்சி ஆறின உப்புத் தண்ணியால காலையும் மாலையும் துடைங்க. சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்கு வாங்க, வைத்தியம் வீட்டுல பார்க்காதீங்க.

ஏற்கனவே குத்தினவங்க என் பேச்சைக் கேட்டு மனசு சங்கடப்பட வேண்டாம். நம்ம அம்மாக்கள் கையில இருந்ததை வச்சு நமக்கு ஆசையாச் செஞ்சது அது. இனி பிறக்கப்போற பிள்ளைகளுக்குத்தான் நான் பேசுறேன். கடன் வாங்கி விசேசம் வைக்கிறதில்லைன்னு நம்ம தெருவுல பத்து வீடு சேர்ந்து சொன்னா, பதினொண்ணாவது வீட்டுக்குத் தைரியம் வரும். ஒத்தையாச் சொன்னா கஞ்சத்தனம்பாங்க. இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் அப்படிச் சேர நினைக்கிறவங்க பெயர் எழுதிட்டுப் போங்க; நோட்டு அந்தத் தங்கச்சிகிட்ட இருக்கு. மொய் நோட்டு இல்ல, பயப்படாதீங்க.

கேள்வி இருந்தாக் கேளுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, பெரியம்மா ரொம்ப நேரமா என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஜெய் பீம்.